யாருடைய வாழ்க்கையை அடுத்து வாசிப்பது?

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இன்றைய பேச்சை ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகைக் காசோலையோடு ஒரு புத்தகமும் கொடுப்பது நம் வழக்கம். பெரும்பாலும் அது வாழ்க்கை வரலாறாகவே இருக்கும். எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்றால், அட்டை பளபளப்பாக இருக்கிறதா, மொத்தமாக வாங்கினால் கழிவு கிடைக்குமா என்று மட்டுமே பார்த்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு மூன்று அரியர். படிப்பை விட்டுவிட்டு ஒரு செல்போன் கடையில் வேலைக்குப் போக முடிவு செய்திருந்தார். "இதுல இருக்கிறவங்க எல்லாரும் எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்டுங்க பாய். இது எனக்கு வேணாம், வேற யாருக்காவது குடுங்க" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டார்.

அவர் போன பிறகு அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு பெரியவருக்கு இரண்டு பக்கம். பிறந்தார், ஏழ்மையில் வளர்ந்தார், உழைத்தார், உயர்ந்தார் என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி எல்லோரும் இருந்தார்கள். யாரும் எங்கும் தடுக்கி விழவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவினர் வாழ்க்கை வரலாறுகளையும் சுயசரிதைகளையும் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கஅப் (ரலி) சொன்ன கதை

ஒருவர் தம் வாழ்க்கையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு நம் மார்க்கத்திலேயே முன்மாதிரி உண்டு. ஸஹீஹ் புகாரியில் ஹழ்ரத் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் வாயால் சொன்ன நீண்ட ஹதீஸ் ஒன்று இருக்கிறது. தபூக் போருக்கு நபிகளார் (ஸல்) புறப்பட்டபோது கஅப் (ரலி) போகவில்லை. உடம்புக்கு முடியாமல் போனதா, கையில் வசதி இல்லையா என்றால் இரண்டும் இல்லை. வேறு எந்தக் காலத்தையும்விட அப்போது தாம் வசதியாக இருந்ததாக அவர்களே சொல்கிறார்கள். நாளைக்கு ஆயத்தமாகலாம், நாளைக்கு ஆயத்தமாகலாம் என்று தள்ளிப்போட்டார்கள். படை போய்விட்டது.

நபிகளார் (ஸல்) திரும்பி வந்ததும், பின்தங்கியவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்தார்கள். பேச்சில் வல்லவரான கஅப் (ரலி) அவர்களோ, தம்மிடம் எந்தக் காரணமும் இல்லை என்று உண்மையைச் சொன்னார்கள். ஐம்பது நாள் ஊரில் யாரும் அவர்களிடம் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து கஸ்ஸான் மன்னர், எங்களிடம் வந்துவிடுங்கள் என்று கடிதம் அனுப்பினார். அதை அடுப்பில் போட்டு எரித்தார்கள். ஐம்பதாவது நாள் மன்னிப்பு இறங்கியது.

தம்முடைய தவறு, அந்த நாட்களின் தனிமை, மனசு அலைபாய்ந்தது எதையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்தச் செய்தி இன்றும் வாசிக்கப்படுகிறது. அதனால் அவர்களுடைய மதிப்பு குறைந்துவிடவில்லையே!

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்

ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கையில் எடுத்ததும் நாங்கள் இப்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறோம்.

முதல் கேள்வி: இதை யார் சொல்கிறார்? மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஹதீஸைப் பார்க்கும் முன் ஸனதைப் பார்ப்போம். அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் எப்போது பிறந்தார், யாரிடம் கேட்டார், முதுமையில் நினைவு தடுமாறியதா என்று நம் இமாம்கள் எழுதி வைத்தார்கள். அஸ்மாவுர் ரிஜால் என்ற அந்தக் கலையே ஆயிரக்கணக்கான வாழ்க்கை வரலாறுகளின் தொகுப்புதான். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசிரியர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) தம் சொந்தத் தகப்பனாரையே அறிவிப்பில் பலவீனமானவர் என்று சொன்னார்கள். அந்தக் கண்டிப்பில் கொஞ்சமாவது நமக்கும் வேண்டும்.

சுயசரிதை என்றாலும் இந்தக் கேள்வி தேவை. மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்' அவர் உருதுவில் சொல்லச் சொல்ல ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதியது. மௌலானா 1958இல் மறைந்தார். புத்தகம் 1959இல் வந்தது. அதில் சுமார் 30 பக்கங்கள் முத்திரையிடப்பட்டு, 1988இல்தான் திறக்கப்பட்டன. அதுவரை படித்தவர்கள் முழுப் புத்தகத்தையும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். இதனால் அந்த நூல் மதிப்பற்றது ஆகிவிடாது. ஆனால் ஒருவர் தம் கதையைச் சொல்லும்போது எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்ற நினைவோடு படிக்க வேண்டும்.

நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைப் பற்றிப் பல நூல்கள் இருக்கின்றன. 1896இல் திருநெல்வேலியில் பிறந்து 1972இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கும் அந்தப் பெரியவரைப் புகழ்வதோடு சில நூல்கள் நின்றுவிடுகின்றன. பிள்ளைகளுக்கு ஒரு யோசனை சொல்கிறோம். வாழ்க்கை வரலாற்றோடு அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுப்பையும் எடுத்துப் பாருங்கள். 1949இல் ஆட்சிமொழி விவாதத்தில் தமிழுக்காக அவர் பேசியது அச்சில் அப்படியே இருக்கிறது. எழுதியவர் சொன்னதையும் அவரே பேசியதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் நம் பெரியோர்கள் கற்றுத்தந்த முறை.

இரண்டாவது கேள்வி: தடுமாறிய இடத்தை இந்த நூல் சொல்கிறதா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்று போற்றுகிறோம். அவர்கள் 'அல்முன்கித் மினள் ளலால்' என்ற சிறு நூலில் தம் கதையைத் தாமே எழுதியிருக்கிறார்கள். பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் உச்சியில் இருந்தபோது, 1095இல், நாக்கு எழாமல் பாடம் நடத்த முடியாமல் போனது. உணவு இறங்கவில்லை. இது மனத்தில் தோன்றி உடம்புக்கு வந்த நோய் என்று சொல்லி மருத்துவர்கள் கைவிட்டார்கள். இதை இமாமே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் மனத்தளர்ச்சி வந்த பிள்ளையை உறவுக்காரர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கிறோம். இமாம் மறைக்கவில்லை. இந்த ஒரு செய்திக்காகவே பெற்றோர் இந்த நூலைப் படிக்கலாம்.

மூன்றாவது கேள்வி: படித்து முடித்ததும் நம் வீட்டில் ஏதாவது மாறுமா? வியந்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிற புத்தகமா, அல்லது நம்முடைய ஒரு பிரச்சினைக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிற புத்தகமா? இதை வாசிக்கிற ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

யாருக்கு எது?

கல்லூரிப் பிள்ளைகளுக்கு அப்துல் கலாம் அவர்களின் 'அக்னிச் சிறகுகள்'. அருண் திவாரியோடு சேர்ந்து எழுதி 1999இல் ஆங்கிலத்தில் வந்தது. எல்லோரும் பெயர் சொல்கிற புத்தகம், முழுக்கப் படித்தவர்கள் குறைவு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது அக்கா ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அதே கல்லூரியில் கலாமின் வடிவமைப்பு வேலை சரியில்லை என்று பேராசிரியர் ஸ்ரீநிவாசன் கண்டித்து, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகையை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். பிறகு டேராடூனில் விமானப்படைத் தேர்வு. 25 பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், கலாம் ஒன்பதாவது. இரண்டு பக்கச் சுருக்கங்களில் இவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

பதினெட்டு வயதைத் தாண்டிய இளைஞர்களுக்கு மால்கம் எக்ஸ் அவர்களின் சுயசரிதை. அலெக்ஸ் ஹேலியிடம் சொல்லி எழுதியது. 1965 பிப்ரவரியில் மால்கம் கொல்லப்பட்டார், அதே ஆண்டு புத்தகம் வந்தது. முற்பகுதியில் திருட்டும் போதையும் நிறைய வரும். அதனால்தான் வயதைச் சொன்னோம். சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாக எழுதிப் படித்ததும், 1964இல் ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகு, இனத்தைப் பற்றித் தாம் முன்பு பேசியது தவறு என்று வெளிப்படையாக மாற்றிக்கொண்டதும் நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்திகள்.

தமிழில் ஆர்வமுள்ளவர்களுக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. நம் புத்தகப் பட்டியலில் இது ஏன் என்று சிலர் கேட்டார்கள். சைவ மரபில் படித்து வந்த அவர், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட பிறகுதான் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அது சமண நூல். புரியாத இடங்களைத் தாமாக ஊகிக்காமல், அந்த ஊர்ச் சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டார். பிறர் மதத்தைப் பற்றி அந்த மதத்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்தப் பண்பை நாம் மற்றவர்களிடம் எதிர்பார்க்கிறோம். நாமும் பழக வேண்டும். அவர் பெயரிலான நூலகம் பக்கத்திலேயே பெசன்ட் நகரில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் முதலாவதாக ஸீரா. ஸஃபிய்யுர் ரஹ்மான் முபாரக்பூரி அவர்களின் 'ரஹீக்' தமிழில் கிடைக்கிறது. தாய்மார்களும் பெண்பிள்ளைகளும் அதோடு புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) தம்மீது சொல்லப்பட்ட அவதூறைப் பற்றித் தாமே கூறும் ஹதீஸையும் படியுங்கள். ஒரு மாதம் நோயில் கிடந்தது, செய்தி தெரிந்ததும் பெற்றோர் வீட்டுக்குப் போனது, இரவெல்லாம் அழுதது எல்லாம் அவர்களுடைய சொல்லிலேயே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒரு பெண்ணைப் பற்றி வரும் தகவலை அடுத்தவருக்கு அனுப்பும் முன் நாம் ஒவ்வொருவரும் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

எங்கே போய்ப் பார்ப்பது?

காசு போட்டுத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் நந்தனத்துக்கு எட்டுகிற தூரம். அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. எழும்பூரில் 1896 முதல் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. ஜனவரி வந்தால் நம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. 1977இல் முதல் காட்சி நடந்தது அண்ணா சாலை மதரஸா-இ-ஆஜம் பள்ளியில்தான் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். போகிற குடும்பங்கள் ஆளுக்கொரு புத்தகம் என்று அள்ளாமல், ஒரே ஒரு வாழ்க்கை வரலாற்றை வாங்கி வீட்டில் எல்லோரும் படியுங்கள். கடையில் நின்றபடியே நடுவில் நான்கு பக்கம் புரட்டுங்கள். எங்காவது ஒரு தோல்வி, ஒரு தயக்கம், ஒரு மன்னிப்பு கண்ணில் படுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். அவரிடம் 'அக்னிச் சிறகுகள்' கொடுத்து, எம்.ஐ.டி. வரும் இடத்தில் ஒரு தாள் வைத்து அனுப்பினோம். பத்து நாள் கழித்து வந்து, "அவருக்கு மூணு நாள்ல முடிஞ்சுது பாய், எனக்கு ஆகாது" என்றார். ஆனால் முழுப் புத்தகத்தையும் படித்திருந்தார். அக்கா வளையல் அடகு வைத்ததைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அவர் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருக்கிறதாம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது இரண்டு அரியர் முடிந்துவிட்டது, ஒன்று பாக்கி. இன்று தேர்வு என்பதால் அவர் இங்கே வரவில்லை. துஆ செய்யுங்கள்.

இந்த ஆண்டு முதல் எல்லோருக்கும் ஒரே புத்தகம் கிடையாது. படிப்பையும் வயதையும் வீட்டுச் சூழலையும் கேட்டு, நாங்கள் படித்துப் பார்த்த நூல்களிலிருந்து கொடுக்கப் போகிறோம். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. கஅப் (ரலி) அவர்களுக்கு முதுமையில் பார்வை போய்விட்டது. மகன் அப்துல்லாஹ்தான் கைபிடித்து அழைத்துப் போவார். தபூக் செய்தியைத் தந்தையின் வாயால் கேட்டு அறிவித்தவர் அந்த மகன்தான். நம் வீட்டு அத்தாவும் நன்னாவும் நன்னியும் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எங்கே கடன்பட்டார்கள், யார் கைகொடுத்தார்கள் என்பது எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காது. மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போதும் பள்ளிக்குக் கைபிடித்து நடத்திப் போகும்போதும் கேளுங்கள். செல்போனில் பதிந்து வையுங்கள், பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கும் தவறுகளையும் மரியாதையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும், உண்மையைச் சொல்லும் நாவையும், அதைக் கேட்கும் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.