திரும்ப எழுதுற கஷ்டம்தான் பேப்பரோட பலம்

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

என் போன்ல இருக்கிற டு-டூ ஆப்ல 'அம்மாவுக்குக் கண் டாக்டர்'னு ஒரு வரி இருந்தது. தினமும் காலையில நோட்டிஃபிகேஷன் வரும். ஒரே தட்டு, 'நாளைக்கு'னு தள்ளிடுவேன். அப்படியே இரண்டு மாசம் ஓடிப்போச்சு. ஒரு நாள் அம்மா மாத்திரை அட்டையை என்கிட்ட நீட்டி, "இதுல என்ன தேதி போட்டிருக்குன்னு பாருப்பா, எனக்குத் தெரியல"ன்னாங்க. அப்பத்தான் உறைச்சது.

அன்னைக்கு ராத்திரி, வீட்டுல சும்மா கிடந்த நகைக்கடை டைரியை எடுத்தேன். ஒரே விதி: முடிக்காத வேலையை மறுநாள் பக்கத்துல கையால திரும்ப எழுதணும். இரண்டு நாள் எழுதினேன். மூணாவது நாள் அதே வரியை எழுத வெட்கமா இருந்தது. உடனே போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்.

இந்த விதி என் கண்டுபிடிப்பு இல்லை. 'புல்லட் ஜர்னல்' முறையை உருவாக்கின ரைடர் கேரல் இதை 'மைக்ரேஷன்'னு சொல்றார். அவரே ஒரு டிஜிட்டல் புராடக்ட் டிசைனர்! சின்ன வயசுல இருந்தே கவனச் சிதறலோட போராடினவர், தனக்காக நோட்டுல உருவாக்கின முறையை 2013-ல வெளியிட்டார். ஒரு வேலை திரும்ப எழுதற அளவுக்குக்கூட முக்கியம் இல்லைன்னா, அதை அடிச்சிடுங்க. இதுதான் அவரோட லாஜிக். ஆப்ல அந்தக் கேள்வியே வராது. பழைய வேலை எல்லாம் சத்தமில்லாம சேர்ந்துகிட்டே போகும்.

ஞாபக விஷயத்துலயும் பேப்பருக்கு ஒரு பிளஸ் இருக்கு. 2021-ல டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. 18 முதல் 29 வயசுக்குள்ள 48 பேர். வகுப்பு நேரம், அசைன்மென்ட் தேதி எல்லாத்தையும் சிலர் டைரியில, சிலர் டேப்லெட்ல, சிலர் போன்ல குறிச்சாங்க. டைரிக்கு சுமார் 11 நிமிஷம், டேப்லெட்டுக்கு 14, போனுக்கு 16. ஒரு மணி நேரம் கழிச்சு அதிலிருந்து கேள்வி கேட்டு ஸ்கேன் பண்ணினப்போ, டைரியில எழுதினவங்களுக்கு நினைவோட தொடர்புள்ள மூளைப் பகுதிகள் அதிகமா வேலை செஞ்சிருக்கு. 48 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கைதான், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

அதுக்காக ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணச் சொல்லல. டைரி அலாரம் அடிக்காது. ஆட்டோவுல விட்டுட்டா பேக்கப் கிடையாது. அதனால நான் பிரிச்சு வெச்சிருக்கேன். குறிப்பிட்ட நேரத்துல நடக்கிறது எல்லாம் போனுக்கு. நானா முடிவெடுத்துச் செய்ய வேண்டியது எல்லாம் டைரிக்கு.

அம்மாவுக்குக் கண்புரை ஆரம்பிச்சிருக்காம். மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. அந்தத் தேதி இப்போ போன்லயும் இருக்கு, டைரியிலயும் இருக்கு.

இன்னைக்கு ராத்திரி உங்க ஆப்ல தேங்கிக் கிடக்கிற வேலைகளை ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. எதை எழுத கை வரலையோ, அதை டெலீட் பண்ணிடுங்க. மிச்சம் எத்தனைன்னு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!