ஓய்வும் ஒரு கடமையே



சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்தது குடிபாலா. தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கும் பகுதி அது. 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணி, 1909-இல் செவிலியர் பயிற்சியையும் மேற்கொண்டது. பின்னர் மாநில எல்லையைக் கடந்தும் வளர்ந்தது. இன்று அந்த மருத்துவக் கல்லூரியின் சித்தூர் வளாகம் குடிபாலா மண்டலத்திலேயே இருக்கிறது.

வார்டில் இரவு முழுதும் செவிலியர் விழித்திருக்கின்றனர். வெளியே சாலையில் லாரி ஓட்டுநர்கள் விழித்திருக்கின்றனர். இரு சாரார் கையிலும் பிறர் உயிர் இருக்கிறது. ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் பிழைக்கும் நம்மவருள் இத்தகைய பணிகளில் இருப்போர் பலர். விழித்திருப்பதையே தொழிலாகக் கொண்டோர் ஓய்வை எவ்வாறு பேண வேண்டும் என்பதை இன்று ஆராய்வோம்.

உறக்கத்தைத் துறந்து உழைப்பவரைப் போற்றுவது நம் வழக்கம். 'இராப்பகலாய்ப் பாடுபடுகிறார்' என்பது நம்மிடையே பெரும் பாராட்டு. அறிவியலோ வேறு கணக்குச் சொல்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டாசனும் ரீடும் காட்டினர். நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுவோருக்கு வகுத்த வரம்பு 30 மில்லிகிராமே. காலை 6 மணிக்கு எழுந்து, வீட்டு வேலைகளை முடித்து, பகலில் கண்ணயராமல் இரவுப் பணிக்குச் செல்பவர், இரவு 11 மணிக்கே அந்நிலையை எட்டிவிடுகிறார். விடிவதற்கோ இன்னும் நெடுநேரம் உண்டு.

2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவின் பயிற்சி மருத்துவர்களை ஆராய்ந்தனர். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பணிமுறையில், அத்தகைய நீண்ட பணியை நீக்கிய முறையைவிட, கடுமையான தவறுகள் 36 சதவீதம் மிகுந்திருந்தன. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர், களைத்தவர்கள். களைப்புற்றவர்க்குத் தம் களைப்பின் அளவு தெரிவதில்லை என்பதே இதிலுள்ள பெரும் அபாயம்.

ஆகவே சில பழக்கங்களை மேற்கொள்வோம். இரவுப் பணிக்குப் புறப்படுமுன் மாலையில் ஒன்றரை மணி நேரமேனும் உறங்குவோம். தேநீரையும் காப்பியையும் முன்னிரவோடு நிறுத்துவோம். பின்னிரவில் அருந்தினால் காலை உறக்கம் கெடும். 3 மணி முதல் 5 மணி வரை உடல் மிகவும் சோர்ந்திருக்கும். அவ்வேளையில் மருந்தின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்து, இயன்றால் உடன் பணிபுரிபவரையும் சரிபார்க்கச் செய்வோம். பணி முடிந்தபின் மோட்டார் சைக்கிளைத் தவிர்த்துப் பேருந்தில் வீடு திரும்புவோம். லாரியில் கண் அசந்தால் தேநீரை மட்டும் நம்பாமல், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி 20 நிமிடம் உறங்குவோம்.

எனினும் முழுப் பொறுப்பையும் தொழிலாளர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றும், 5 மணி நேர வேலைக்குப்பின் அரை மணி ஓய்வு என்றும் விதித்தது. ஓய்வு முதலாளியின் தயவன்று, உரிமை என்பதே அதன் கருத்து. ஆள் போதாத வார்டில், 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்னும் அறிவுரையால் மட்டும் பயனில்லை.

குடும்பத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. அயலூரில் வாழும் பிள்ளைகளை நாம் தொலைபேசியில் அழைப்பது பெரும்பாலும் பகலில்தான். இரவுப் பணி முடித்து உறங்கும் மகளை நண்பகலில் எழுப்பி, 'இந்நேரத்தில் என்ன தூக்கம்?' என்று கேளாதிருப்போம். அவள் பணிநேரத்தை அறிந்து மாலையில் பேசுவோம். அவளுடைய அந்தப் பகலுறக்கம், இரவில் முகமறியாத நோயாளி ஒருவருக்கு அவள் அளிக்கும் காவலாகும்.