சுவருக்குள்ளே ஓர் அரசியல்

(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் சுவரைப் பற்றிப் பேசப் போகிறேன். சுவரொட்டியைப் பற்றி என்றால், பசை வாளியும் கையுமாக இரவெல்லாம் அலைந்த தோழர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது சுவரையே பற்றி. அதிலும் கடல் கடந்த இங்கிலாந்து நாட்டு ஏழையின் வீட்டுச் சுவரைப் பற்றி! "கல்லூரிப் படிப்பையே பாதியிலே விட்டவன், கட்டடக் கலை பேச வந்துவிட்டானே!" என்று எவரேனும் எண்ணக்கூடும். எண்ணட்டும். கொத்தனார் அறிந்தது எனக்குத் தெரியாது. ஆனால், சட்டமன்றத்திலே எழுதப்படும் ஒரு வரி, எங்கோ ஒரு மூலையிலே தூங்கும் குழந்தையின் மூச்சு வரையிலே போய் எட்டுகிறது என்பதைப் படித்தறிந்தேன். படித்தபின் வாளாவிருக்க இயலவில்லை.

குளிர் என்றால் நமக்கு மார்கழிப் பனி. ஒரு போர்வை, ஒரு குவளை சூடான காபி, அவ்வளவிலே விலகி ஓடிவிடும் விருந்தாளி. அங்கே குளிர் விருந்தாளியல்ல, வீட்டுக்காரன்! ஆண்டிலே பாதி நாள் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான். அவனை விரட்ட, பெரும்பாலான வீடுகளிலே எரிவாயுக் கொதிகலன் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரைச் சூடாக்கும், சுடுநீர் குழாய் வழியே அறைதோறும் சுற்றும், அறை சூடாகும். சூடான அறை சூடாகவே இருக்குமா? இராது. கூரை வழியே ஓடும், சுவர் வழியே கசியும், சன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் நழுவும். ஓட்டைப் பானையிலே தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றும் வேலை! பானையின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரின் விலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்பவனை நம் ஊரிலே பித்தன் என்பார்கள். அங்கே பல ஆண்டுகள் அவனை அமைச்சர் என்று அழைத்தார்கள்.

அடைக்க வழி இல்லையா? உண்டு; எளிய வழியே உண்டு. கூரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே உள்ள பரணிலே, ஓர் அடிக்குச் சற்றே குறைந்த கனத்துக்கு, 270 மில்லிமீட்டர் அளவிலே, கனிமப் பஞ்சு பரப்புவது ஒன்று. 1920-களுக்குப் பிறகு எழுந்த வீடுகள் பலவற்றிலே வெளிச்சுவர் இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். அதிலே துளையிட்டுப் பஞ்சையோ மணிகளையோ ஊதி நிரப்புவது மற்றொன்று. அதற்கும் முந்திய பழைய வீடுகளிலே நடுவிலே இடமில்லை; ஒரே கட்டுச் செங்கல். அவற்றுக்கு உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ போர்வை போர்த்த வேண்டும். செலவு மிகுந்த வேலை, நுணுக்கமான வேலை. இந்த நுணுக்கத்தை மறந்தவர்களின் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

புதிதாகக் கட்டும் வீட்டுக்குச் சட்டமே அளவு சொல்லிவிடலாம். ஒரு சதுர மீட்டர்ச் சுவரின் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது? இதுதான் கணக்கு. பழைய செங்கற் சுவருக்கு அது ஏறத்தாழ 2. 1965-ல் இயற்றிய விதி, 1.7-க்கு மேல் போகாதே என்றது. 1973-ல் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறிய பிறகு, 1.0 என்று இறங்கிற்று. 1985-ல் 0.6. பின்னும் குறைந்தது. எண்களைக் கேட்டுக் கொட்டாவி விடாதீர்கள் தோழர்களே! இந்த எண் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு தாயின் எரிவாயுக் கட்டணம் இறங்குகிறது. எந்த முதலாளியும் மனமிரங்கி இறக்கிய படியல்ல. விதி இறக்கிய படி!

இப்படியே இறங்கியிருந்தால் நான் இன்று பேச ஒன்றுமே இராது. 2006-ல், பத்தே ஆண்டிலே, 2016 முதல் கட்டப்படும் எல்லாப் புதுவீடுகளும் கரி உமிழாத வீடுகளாக இருக்கும் என்று அரசு அறிவித்தது. ஆட்சி மாறிற்று. வாக்குறுதி மட்டும் சிறிது காலம் வாழ்ந்தது. 2015 சூலையிலே, தொடங்க இன்னும் சில திங்களே இருந்த வேளையிலே, அதன் கழுத்தை நெரித்துவிட்டனர். வீடு கட்டுவோருக்குச் சுமையாம்! சுமை எவ்வளவு? 2019-ல் அந்நாட்டுக் காலநிலைக் குழு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: கட்டும்போதே செய்தால் வீட்டுக்கு 4,800 பவுண்டு, கட்டி முடித்தபின் இடித்துத் திருத்திச் செய்தால் 26,300 பவுண்டு. கட்டுகிறவன் 4,800-ஐ மிச்சப்படுத்திக்கொண்டான். குடியேறியவன் தலையிலே 26,300 ஏறிற்று. அப்படிப்பட்ட வீடுகள் அதன்பின் பத்து இலட்சத்துக்கும் மேலே எழுந்துவிட்டன.

சரி, பழைய வீடுகளுக்கு? 2013-ல் வந்தது ‘கிரீன் டீல்', அதாவது பசுமை ஒப்பந்தம். நாடகக்காரன் ஆதலால் அதை எனக்குக் காட்சியாகவே எழுதத் தோன்றுகிறது. அதிகாரி வருகிறார். "அம்மா, உன் வீட்டுச் சுவரைப் போர்த்திக்கொள்." "காசு?" "கடன் தருகிறோம். மின்கட்டணத்தோடு சேர்த்துக் கட்டு." "வட்டி?" "நூற்றுக்கு ஏழு, அதற்கு மேலும் ஆகலாம்." "ஐயா, வங்கியிலே வீட்டுக் கடனே அதைவிட மலிவாயிற்றே!" அதிகாரி போகிறார். திரை. இரண்டரை ஆண்டிலே நாடகம் முடிந்தது. கடன் வாங்கியவை ஏறத்தாழ 14,000 குடும்பங்கள். அரசுக்குச் செலவு 24 கோடிப் பவுண்டு என்று 2016-ல் தேசியத் தணிக்கை அலுவலகம் எழுதிற்று. வகுத்துப் பாருங்கள்: ஒரு கடனுக்கு 17,000 பவுண்டு! கடனாகக் கொடுத்த தொகையல்ல, கடன் கொடுப்பதற்கு ஆன செலவு!

அதற்கு முன்னே, நிறுவனங்கள் தம் செலவிலே பஞ்சு நிரப்பித் தரவேண்டும் என்ற கட்டாயத் திட்டங்கள் இருந்தன; அவற்றால் ஆண்டுக்கு இலட்சக்கணக்கான வீடுகள் பயன்பெற்றன. 2012-ன் இறுதியிலே அவை முடிந்தன. வந்த திட்டமோ குன்றிய திட்டம். அதையும் 2013-ன் இறுதியிலே மேலும் குறைத்தனர். பரணிலும் சுவரிலும் பஞ்சு நிரப்பும் வேலை பத்திலே ஒரு பங்காகச் சுருங்கிற்று. வேலை தெரிந்த தொழிலாளி வேறு பிழைப்புத் தேடிப் போனான். 2020-ல் திடீரென்று ஞானம் பிறந்து, 150 கோடிப் பவுண்டு ஒதுக்கி, ஆறு இலட்சம் வீடுகளுக்கு மானியம் என்று முழங்கினர். பஞ்சு அடைக்கத் தெரிந்த கை எங்கே? ஆறேழு திங்களிலே கடை கட்டினர். பயன் பெற்றவை 47,500 வீடுகள் அளவிலே. நிர்வாகச் செலவு மட்டும் ஏறத்தாழ 5 கோடிப் பவுண்டு.

அடுத்த காட்சி 2022. உருசியப் படை உக்ரைனுக்குள்ளே நுழைந்தது. எரிவாயு விலை விண்ணிலே ஏறிற்று. ஒரு சராசரிக் குடும்பத்தின் ஆண்டுக் கட்டண வரம்பு 2021 அக்டோபரிலே 1,277 பவுண்டு. 2022 அக்டோபருக்கு 3,549 என்று அறிவித்தார்கள். நாடு அலறிற்று. அரசு 2,500-லே தடுத்து நிறுத்தி, மிச்சத்தைக் கருவூலத்திலிருந்து கட்டிற்று. ஆயிரக்கணக்கான கோடிப் பவுண்டு! சுவருக்குக் கொடுக்கக் காசில்லை என்று சொன்ன அதே கருவூலம், சுவர் வழியே ஓடிப்போகும் வெப்பத்துக்குக் காசு கொட்டிற்று. முந்திய பத்தாண்டிலே பசுமைத் திட்டங்களை வெட்டியதால் மட்டும் குடும்பங்களின் கட்டணத்திலே ஏறிய சுமை 250 கோடிப் பவுண்டு என்று ‘கார்பன் பிரீஃப்' ஏடு 2022 தொடக்கத்திலேயே, அதாவது போருக்கு முன்பே, கணக்கிட்டுச் சொல்லியிருந்தது. "வீடுகளைப் போர்த்துங்கள்!" என்று 2021-ல் நெடுஞ்சாலையிலே உட்கார்ந்து மறியல் செய்த சிலர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் சாலையை மறித்த முறை சரியா என்று அந்நாட்டு மக்களே வாதிடட்டும். அவர்கள் கேட்ட பொருள் பஞ்சு, தோழர்களே, வெடிமருந்தல்ல.

"அப்படியானால் நிறையப் பணம் கொடுத்து, எல்லா வீட்டையும் போர்த்திவிட்டால் தீர்ந்தது அல்லவா?" என்று நீங்கள் கேட்பீர்கள். தீராது. இனிதான் நான் சொல்ல வந்ததன் உயிர்நாடி.

இலண்டனிலே செல்வர்கள் கொழிக்கும் வட்டாரம் கென்சிங்டன். அங்கே, எளியோர் வாழ்ந்த 24 மாடிக் கட்டடம் கிரென்ஃபெல் டவர். 2016-ல் அதைப் புதுப்பித்து முடித்தனர். குளிர் புகாமலிருக்கப் பிளாஸ்டிக் நுரைப் பலகை. அதன்மேல் அழகுக்கும் மழைக்கும் தகடு. முதலிலே பேசியது துத்தநாகத் தகடு. மூன்று இலட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவான தொகையை மிச்சப்படுத்த, இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பாலித்தீன் வைத்த மலிவுத் தகடு வந்தது. எங்கள் மேடையிலே அட்டையால் கோட்டை கட்டுவோம். மூங்கிலும் துணியும் வண்ணமும் போதும், அவையோர் கோட்டை என்றே நம்புவர். ஆனால் அந்தக் கோட்டைக்குள்ளே எவரையும் குடிவைக்க மாட்டோம்! அங்கே குடிவைத்தனர். 2017 சூன் 14, நள்ளிரவு கடந்த நேரம், ஓர் அடுக்களையிலே பற்றிய தீ வெளிச்சுவரைத் தொட்டது, தகட்டிலே ஏறிற்று, கட்டடத்தையே சூழ்ந்தது. 72 உயிர்கள்!

விதி இல்லையா? இருந்தது. 2009-ல் அதே நகரிலே லக்கனல் ஹவுஸ் என்னும் கட்டடத்திலே அறுவர் தீயிலே மாண்டனர். தீ பற்றிய விதி நூலைத் தெளிவாகத் திருத்துங்கள் என்று 2013-ல் மரண விசாரணை அதிகாரி எழுதினார். நான்காண்டுகள் ஓடின, திருத்தம் வரவில்லை. கட்டுப்பாடுகளைக் குறைப்பதே கொள்கையாகிவிட்ட அலுவலகத்திலே, உயிர்ப் பாதுகாப்பும் ஒத்திவைக்கப்பட்ட கோப்பாயிற்று என்று விசாரணைக் குழுவின் 2024 அறிக்கை சொல்கிறது. பொருளை விற்றவர்களோ சோதனை முடிவுகளைத் திரித்துச் சந்தையை ஏமாற்றினார்கள் என்றும் அது எழுதிற்று. அந்த வீடுகளிலே குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தனர். ஏழையின் எச்சரிக்கைக்குக் காது கிடைக்கவில்லை.

இன்னொரு வீடு. ராச்டேல் என்னும் ஊர். அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை. காற்றோட்டம் போதாத வீடு. மூச்சின் ஈரமும் குளியலின் ஈரமும் குளிர்ந்த சுவரிலே படிந்து, கரும்பூஞ்சை படர்ந்தது. தந்தை முறையிட்டார்; மேலே வண்ணம் பூசிக்கொள் என்று பதில் வந்தது. 2020 திசம்பரிலே குழந்தை மாண்டது. பூஞ்சையே காரணம் என்று 2022-ல் விசாரணை முடிவு வந்தது. 2023-ல் அக்குழந்தையின் பெயராலே வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2025 அக்டோபரிலே, பொது வாடகை வீடுகளுக்கு, அது நடப்புக்கு வந்தது. பிறந்து இரண்டே ஆண்டு வாழ்ந்த குழந்தைக்காகச் சட்டம் நடைபயில ஐந்தாண்டு!

அதே 2025 அக்டோபரிலே தணிக்கை அலுவலகம் மற்றோர் அறிக்கை விடுத்தது. 2022-க்குப் பின் இரண்டு அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவருக்குப் போர்வை போட்ட வீடுகளிலே, நூற்றுக்கு 98 பழுது! இருபத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் திருத்த வேண்டும். கூரை ஓரத்தைச் சரியாக மூடவில்லை. மழை உள்ளே இறங்கிற்று. காற்று போக வழி விடவில்லை. உள்ளே பூஞ்சை பூத்தது. ஒப்பந்தம் எடுத்தவன் ஒருவன், உள் ஒப்பந்தம் எடுத்தவன் மற்றொருவன், சுவரிலே கைவைத்தவன் பயிற்சியே இல்லாதவன். வேலையைச் சரிபார்த்துச் சான்று தர அமைப்புகள் இருந்தன, முத்திரைகள் இருந்தன, தாள்கள் இருந்தன. சுவரைப் போய்ப் பார்க்கும் கண் மட்டும் போதவில்லை. குளிரைத் துரத்தித் தருகிறோம் என்று வந்து, ஈரத்தைக் குடிவைத்துவிட்டுப் போனார்கள்! கட்டணம் குறையும் என்று நம்பிக் கையெழுத்திட்ட அந்தத் தாய்க்கு, இப்போது யாரிடம் போய் முறையிடுவது என்பதே புதிராக இருக்கிறது. பணம் போயிற்று என்பதைவிட எனக்கு நெஞ்சு சுடுவது இதுதான்: இனி உண்மையாகவே நல்ல வேலை செய்ய ஒருவன் அவள் கதவைத் தட்டினாலும் அவள் திறக்க மாட்டாள்.

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. "அவர்களுக்குப் போர்வை வேண்டும்; நமக்கு விசிறி வேண்டும். இதிலே நமக்கு என்ன?" நல்ல கேள்வி. எழுதிய தோழருக்கு நன்றி. வெப்பம் உள்ளிருந்து வெளியே ஓடுவது அவர்கள் துன்பம். வெளியிலிருந்து உள்ளே பாய்வது நம் துன்பம். சுவரும் கூரையும் ஒன்றே. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் தளம் இரவெல்லாம் அதைத் தலைமேல் பொழிகிறது. கல்நார்த் தகட்டின் கீழே வாழ்பவரிடம் இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவரே எனக்கு விளக்குவார்.

இந்த நாட்டிலும் விதி உண்டு தோழரே! ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று 2018-ல் ஒன்றிய அரசு வெளியிட்டது. வீட்டுக் கூரை வழியே வெப்பம் 1.2 வாட்டுக்கு மேலே புகலாகாது என்று அளவு சொல்லிற்று. சுவருக்கும் சன்னலுக்கும் தனி அளவு சொல்லிற்று. யாருக்கு? 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைக்கு. நம் கணக்கிலே இரண்டு கிரவுண்டுக்கும் மேலே! 2022-ல் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்திக் குடியிருப்புகளையும் சேர்த்தனர்; அங்கே 100 கிலோவாட் மின் இணைப்பு என்று எல்லை வைத்தனர். அந்த எல்லையை மாநிலங்கள் குறைத்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டத்திலே இடமிருக்கிறது. ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் உள்ள கல்நார் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் என்று தோழர் தம் தெருவிலே நாலு வீட்டு மின் அட்டையை வாங்கிப் பார்த்து எழுதி வரட்டும். அடுத்த கூட்டத்திலே அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே பேசுவோம்.