ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. மூன்று வயதுக் குழந்தையின் மட்டில் அது பொருந்தாது என்றே தோன்றுகிறது. பழகாத காயைக் குழந்தை ஒதுக்குவது பெரும்பாலும் பிடிவாதத்தால் அன்று. அறியாப் பொருளிடத்து எழும் ஐயத்தால். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக் கழகத்தார் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். ஒரு காயைப் பற்றிய படப் புத்தகத்தைப் பெற்றோர் பல நாள் தொடர்ந்து காட்டி வந்தால், பின்னர் அக்காயைச் சுவைத்துப் பார்க்கக் குழந்தை எளிதில் இசைகிறது என்று கண்டனர்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு. டில்லியில் வளரும் நம் குழந்தை கம்பை ‘பாஜ்ரா’ என்றே அறியும். குளிர் காலத்தில் இங்கே குவியும் ‘பத்துவா’, நம் சக்கரவர்த்திக் கீரையே என்பது பெற்றோரிலும் பலர் அறியாதது. மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கு, அரசாங்கக் கோப்புகளைக் காட்டிலும் கீரைகளின் பெயர்களே மிகுந்த தொல்லை தந்திருக்கின்றன! கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் பேரன், பாட்டி பிசைந்து வைத்த கீரைச் சோற்றைப் பெயர் தெரியாத பண்டமென்று தள்ளிவிடுகிறான். பாட்டியின் முகம் வாடிவிடுகிறது. படமோ எம்மொழிக்கும் பொது. ஒரே படத்தைக் காட்டி இரு பெயர்களையும் சொல்லலாம். 1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தை நூல்களைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களும் நமக்கென்றே அமைந்தவை போன்றவை.

ஆனால் நல்ல உணவு, கெட்ட உணவு என்று பட்டியலிட்டு, பருமனான சிறுவனை நகைப்புக்கு இடமாக்கும் புத்தகங்களை நான் வீட்டில் சேர்ப்பதில்லை. எரிக் கார்ல் 1969-இல் படைத்த பசித்த புழுவைப் பாருங்கள். சனிக்கிழமையன்று கேக்கும் ஐஸ்கிரீமும் இன்னும் பலவும் தின்று வயிற்றுவலியால் வருந்துகிறது; மறுநாள் ஒரு பச்சை இலை தின்று தேறுகிறது. உபதேசம் ஒன்றும் இல்லை. குழந்தை தானே புரிந்துகொள்கிறது.

அவரே 1997-இல் வெளியிட்ட மற்றொரு நூலில் பென்குவின் தலையைத் திருப்பும். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை வளைக்கும். யானை காலை ஓங்கி மிதிக்கும். படிக்கும் குழந்தையும் அவ்வண்ணமே செய்யும். பனிமூட்டம் சூழ்ந்த ஜனவரிக் காலையில், முற்றமில்லாத அடுக்கு வீட்டில், இதுவே போதிய விளையாட்டா? அன்று. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாள்தோறும் 180 நிமிடமேனும் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். புத்தகம் கால்மணி நேரத்திற்கு வரும். மீதிக்குப் பூங்காவும் மாடிப்படியும் பாண்டியாட்டமும் வேண்டும்.

ஞாயிறன்று காய்கறிக் கடைக்குக் குழந்தையோடு அந்தப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். படத்திலுள்ள காயை அதுவே தேடி எடுக்கட்டும். இரு பெயர்களையும் கடைக்காரரிடம் சொல்லட்டும். அன்றே சமைத்துவிடுங்கள். முதல் நாள் துப்பிவிட்டால் வற்புறுத்த வேண்டா; சில குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேலும் ஆகும்.