நர்சிங் மேல்படிப்பும் வீட்டு வரவு செலவும்

இன்றைக்கு உரம், பூச்சி மருந்து பற்றி நான் பேச வரவில்லை. ஒரு குடும்பத்தில் மனைவி நர்சு வேலை பார்க்கிறாள். மேற்கொண்டு படிக்க இடம் கிடைக்கிறது. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகவேண்டும். இரண்டு வருஷம் அவள் சம்பளம் வீட்டுக்கு வராது. அந்த இரண்டு வருஷமும் நிலமும் தறியும் அடுப்பும் தள்ளாடாமல் ஓடுவதற்கு என்ன வழி? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சின்ன காஞ்சிபுரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. காரப்பேட்டையில் 1969 முதல் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டவுனில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. தனியார் நர்சிங் ஹோம்களும் பெருகிவிட்டன. செவிலிமேடு என்று நம் பக்கத்திலே ஓர் ஊரே இருக்கிறது. அந்தப் பெயர் வந்த கதை எதுவாக இருந்தாலும் சரி, ஒரு நர்சுப் பெண்ணாவது இல்லாத ஊர் இன்று குறைவு.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சுப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பே வந்துவிட்டது. இன்றைக்கு இந்தப் படிப்பு ஏணிப்படி போல இருக்கிறது. டிப்ளமா நர்சிங் முடித்துப் பதிவு செய்தவர்கள் இரண்டு வருஷம் படித்தால் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. பட்டம் பெறலாம். பட்டம் உள்ளவர்கள், ஒரு வருஷ வேலை அனுபவம் இருந்தால், மேலும் இரண்டு வருஷம் எம்.எஸ்ஸி. படிக்கலாம். அதை முடித்தவர்களுக்கு நர்சிங் கல்லூரியில் பாடம் சொல்லித்தரும் வேலைக்கும், மருத்துவமனையில் மேற்பார்வைப் பொறுப்புக்கும் வழி திறக்கிறது. ஆகவே படிப்பு நல்லதா கெட்டதா என்பது கேள்வி அல்ல. பாதியில் நிற்காமல் முடிப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

நம் ஊர் நெசவாளர்களுக்கு இது நன்றாகப் புரியும். பாவு எத்தனை கெஜம் என்று தெரியாமல் யாரும் தறியில் ஏற்றுவதில்லை. பட்டும் ஜரிகையும் கடைசி முந்தானை வரைக்கும் வருமா என்று பார்த்துத்தான் உட்காருகிறோம். அரைச் சேலைக்குக் கூலி கிடையாது. படிப்பும் அதே மாதிரிதான். இரண்டாம் வருஷம் பணம் இல்லாமல் நின்றுபோனால், பட்டமும் இல்லை, விட்ட வேலையும் இல்லை. கடன் மட்டும் மிஞ்சும்.

சரி, பாவின் நீளம் எவ்வளவு? இங்கேதான் பல பேர் கணக்கைக் குறைத்துப் போட்டுவிடுகிறோம். "கல்லூரிக்கு வருஷம் இவ்வளவு கட்டணும், அவ்வளவுதானே" என்று சொல்லிவிடுகிறோம். நின்றுபோகும் சம்பளத்தை யாரும் செலவில் சேர்ப்பதில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தொகைகளெல்லாம் கணக்குக்காகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுத் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணம், புத்தகம், யூனிபாரம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1,00,000 ரூபாய் என்றால், இரண்டு வருஷத்துக்கு 2,00,000. விடுதிச் சாப்பாடு, போக்குவரத்து மாதம் 4,000 என்றால், 24 மாதத்துக்கு 96,000. அவள் வாங்கிவந்த சம்பளம் மாதம் 18,000 என்றால், 24 மாதத்தில் வராமல் போவது 4,32,000. ஆக மொத்தம் 7,28,000 ரூபாய். இரண்டு லட்சம் என்று நினைத்து இறங்கினோம், வந்து நிற்பதோ ஏழேகால் லட்சத்துக்கு மேலே! இது பயமுறுத்துவதற்குச் சொல்வதல்ல. முன்னாலேயே தெரிந்தால் அடைக்கலாம் என்பதற்காகச் சொல்வது.

இந்தத் தொகையை இரண்டாகப் பிரியுங்கள். கட்டணமும் விடுதியும் ஒரு பக்கம். அது 2,96,000. நின்றுபோகும் சம்பளம் இன்னொரு பக்கம். முதல் பங்கைக் கல்விக் கடனிலே விடலாம். இரண்டாவது பங்கைக் கடனில் விடவே கூடாது. சாப்பாட்டுச் செலவுக்குக் கடன் வாங்கிய வீடு நிமிர்வது கஷ்டம்.

அப்படியானால் மாதம் 18,000 ரூபாய்ப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? மூன்று கூடை மண் வேண்டும்.

முதல் கூடை சிக்கனம். இரண்டு வருஷத்துக்குப் புது வண்டி, வீட்டு மராமத்து, பெரிய சீர் வரிசை இவற்றையெல்லாம் தள்ளிப்போட்டு, மாதம் 5,000 குறைக்கப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவிலும், பெரியவர்கள் மருந்துச் செலவிலும் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது கூடை முன்சேமிப்பு. படிக்கப் போவது என்று தீர்மானம் ஆனதும் ஒரு வருஷம் பொறுங்கள். அந்த ஒரு வருஷம் அவள் சம்பளத்தில் மாதம் 10,000 ரூபாயை எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். வருஷக் கடைசியில் 1,20,000 சேரும். அதை 24 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 5,000 ஆகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. குறைந்த பணத்தில் குடும்பம் நடத்த அந்த ஒரு வருஷத்திலேயே வீடு பழகிவிடும். அப்போதே முடியவில்லை என்றால், எங்கே ஓட்டை என்று வேலை கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது கூடை நிலமும் தறியும். மீதி இருப்பது மாதம் 8,000. இதுதான் விவசாயக் குடும்பத்துக்கு உண்மையான சிக்கல். சம்பளம் மாதா மாதம் வரும். விளைச்சல் போகத்துக்குப் போகம்தான் வரும். சம்பா நெல் தை, மாசியில் வீடு சேரும். நவரை சித்திரை, வைகாசியில். கிணறு உள்ளவர்களுக்குச் சொர்ணவாரி ஆவணி, புரட்டாசியில். நெல் கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக்கு வந்ததும் கை தாராளமாகிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து மளிகைக் கடையில் கடன் சொல்கிறோம். இதுவரைக்கும் அந்த இடைவெளியை மூடிவந்தது நர்சு சம்பளம்தான். அது நிற்கும்போதுதான் பள்ளம் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். நிலத்துக்கு நீங்களே முதலாளி. அந்த முதலாளியிடம் நீங்களே மாதச் சம்பளம் வாங்குங்கள். அறுவடைப் பணம் வந்த அன்றைக்கே பயிர்க் கடனையும் அடுத்த போகத்துச் செலவையும் முதலில் எடுத்து வையுங்கள். மிஞ்சுவது 48,000 என்றால் ஆறால் வகுத்தால் மாதம் 8,000. அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் முதல் தேதி 8,000 மட்டும் எடுங்கள். இரண்டு போகம் இப்படி வந்தால் வருஷம் முழுக்க ஓடிவிடும். இந்தப் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஏரியில் தண்ணீர் இல்லாமல் நவரை போய்விட்டால்? அதனால்தான் முன்சேமிப்பில் மூன்று மாதப் பணம், அதாவது 24,000 ரூபாயை, இரண்டாம் வருஷம் வரைக்கும் தொடாமல் வைக்கச் சொல்கிறேன். தறி வைத்திருக்கும் வீட்டில் கூலி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை அதே கணக்கில் போட்டு வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையைத் தனியாகச் சொல்லவேண்டும். கல்லூரிச் சேர்க்கை பெரும்பாலும் ஆடி கழிந்துதான் சூடு பிடிக்கிறது. சில வருஷம் ஐப்பசி வரைக்கும் இழுக்கிறது. அதே சமயத்தில் சம்பாவுக்கு நடவு, களை, உரச் செலவு. தீபாவளியும் வந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு விரிக்க முடியாது, தறிக் குழியில் ஈரம் ஊறும், கூலியும் குறையும். நாலு செலவும் ஒரே வாசலில் வந்து நிற்கும் காலம் அது. நம்மவர்கள் வட்டிக்கடைப் படியேறுவதும் அப்போதுதான்.

வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் 1979-ல் எழுந்தருளினார். பிறகு 2019-ல் எழுந்தருளினார். நாற்பது வருஷம் கழித்து வரும் வருஷத்தையே நாம் முன்கூட்டிச் சொல்கிறோம். அடுத்த ஐப்பசியில் வரும் கட்டணத்தைத் திடீர்ச் செலவு என்று சொல்லலாமா? தேதி தெரிந்த செலவுக்குச் சித்திரையிலேயே ஏற்பாடு ஆகவேண்டும்.

இனி கடன் விஷயம். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 4,00,000 ரூபாய் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. கல்யாணமான பெண்ணுக்குக் கணவரோ, பெற்றோரோ, மாமனார் மாமியாரோ கூடக் கையெழுத்துப் போடலாம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் வட்டி அதுவரை சும்மா இருக்காது. பத்து சதவிகிதம் என்று வைத்தால், 2,96,000 ரூபாய்க்கு மாதம் ஏறக்குறைய 2,470 ரூபாய் வட்டி. முழுக் கடனும் முதல் நாளே வாங்குவதில்லை என்பதால் முதல் வருஷம் அதில் பாதிதான் வரும். பால் காசிலோ கோழிக் காசிலோ இந்த வட்டியை அப்போதைக்கப்போது கட்டி வந்தால் கடன் குட்டி போடாது.

இதையே மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினால்? நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மூன்று லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அது வருஷத்துக்கு 36 சதவிகிதம். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதைவிட, அந்தப் படியை ஏறாமல் இருப்பது மேல்.

இன்னொன்று. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனை எடுத்துக் கல்லூரியில் கட்டாதீர்கள். தவணைக்குள் கட்டினால்தான் அந்தக் கடனுக்கு வட்டிச் சலுகை. தவணை தப்பினால் சலுகையும் போச்சு, அடுத்த போகத்துக்குக் கடனும் சிக்கல். நகையை அடகு வைப்பது கடைசி வழி. வைத்தாலும் வங்கியிலோ சங்கத்திலோ வையுங்கள். மீட்கும் தேதியை நோட்டில் எழுதுங்கள். நிலத்தையும் தறியையும் விற்கவே வேண்டாம். இரண்டு வருஷத்துப் பள்ளத்தை நிரப்ப, தலைமுறைக்குச் சோறு போடுவதைக் கொடுக்கலாமா?

பணம் கட்டுமுன் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணம் குறைவு. அதற்கு விண்ணப்பம் வாங்குவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு. கல்வி உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று கல்லூரி அலுவலகத்திலேயே முதல் வாரத்தில் கேளுங்கள். வேலையை விடும்போது இ.எஸ்.ஐ. வசதியும் நின்றுபோகும் என்பதையும் ஞாபகத்தில் வைத்து, முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வழியுண்டா என்று விசாரியுங்கள். அரசு வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா செய்யுமுன் படிப்பு விடுப்பு பற்றி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, ரூபாயில் எழுதமுடியாத ஒரு கணக்கு. சென்னையில் விடுதியில் இருக்கும் பெண் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள். இத்தனை வருஷம் சம்பாதித்துப் போட்டவள் அவள். மாதம் முதல் தேதி அவள் பங்கு அவள் கணக்குக்குப் போய்ச் சேரட்டும். வீட்டில் பணமுடை வந்தால் அவளிடம் மறைக்கவும் வேண்டாம். "படிக்கிற பிள்ளைக்கு எதுக்குக் கவலை"ன்னு மறைத்து, பரீட்சை நேரத்தில் கடன்காரன் மூலம் அவளுக்குத் தெரியவந்தால் படிப்பும் கெடும், நம்பிக்கையும் கெடும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வரும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களும் கூட இருக்கட்டும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், கடன் பாக்கி கீழே. அரைமணி நேரம் போதும்.

அடுப்படி வேலையும் அப்படித்தான். அம்மாவின் தலையில் மட்டும் கட்டிவிடாமல், ஆண்பிள்ளைகளும் உலை வைக்கப் பழகட்டும். சமையலுக்கு ஆள் வைத்தால் அதுவும் மாதச் செலவுதானே! கணவர் படிக்கப் போய் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டாலும் கணக்கு இதுவேதான்.

இரண்டு வருஷம் என்பது நாலு போகம். நாலு போகத்தை நிதானமாக அறுத்தெடுத்த வீட்டுக்கு அந்தப் படிப்பு ஆயுளுக்கும் பலன் தரும். இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் வீட்டு மொத்தத் தொகையை எழுதுங்கள். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்புங்கள்.