வெள்ளி ரூபாயும் செல்போன் படமும்



வட இந்தியாவில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தந்தேரஸ் என்ற பண்டிகை வரும். அன்று ஏதாவது வெள்ளிப் பொருள் வாங்குவது அங்கே வழக்கம். வசதி குறைந்தவர்கள்கூட ஒரு வெள்ளிக் காசாவது வாங்கி லட்சுமி படத்தின் முன் வைப்பார்கள். விக்டோரியா ராணி தலையோ ஜார்ஜ் மன்னர் தலையோ போட்ட பழைய ரூபாய் கிடைத்தால் இன்னும் சந்தோஷம். முன்பெல்லாம் தெரிந்த கடையில் கையில் வாங்கிப் பார்த்து வாங்கினார்கள். இப்போது செல்போனில் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். படத்தை நிறுத்துப் பார்க்க முடியுமா? கள்ளக் காசு விற்பவனுக்கு அதுதான் வசதி.

அந்தப் பழைய ரூபாயின் எடை என்ன? சரியாக ஒரு தோலா. அதாவது 11.66 கிராம். அதில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளி. ஆக ஒரு காசில் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. செய்தித்தாளில் அன்றைய வெள்ளி விலை இருக்கும். அதை 10.7 ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகைக்கும் குறைவாக ஒருவன் "அபூர்வ நாணயம்" தருகிறேன் என்கிறான். உருக்கி விற்றாலே அதற்கு மேல் கிடைக்குமே! அவன் ஏன் நஷ்டத்துக்கு விற்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் அகப்பட்டுக்கொள்வார்கள்.

காசு கைக்கு வந்தால் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தேய்ந்த காசு கொஞ்சம் எடை குறையலாம். ஒரு கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள். எடை கூடியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். தேய்ந்த காசு எப்படிக் கனம் கூடும்? அடுத்து காந்தத்தை வைத்துப் பாருங்கள். வெள்ளி ஒட்டாது. ஒட்டினால் உள்ளே வேறு உலோகம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டு ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அது நிக்கல் காசு. அதையும் வெள்ளி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

எடை சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. நல்ல வெள்ளி ரூபாய் என்றால் தராசு சுமார் 1.1 கிராம் கூடுதலாகக் காட்டும். அதே எடையுள்ள ஜெர்மன் சில்வர் காசு 1.3 கிராமுக்கு மேல் காட்டும். வெள்ளி கனமான உலோகம். அதே எடைக்குக் குறைந்த இடமே பிடிக்கும், குறைந்த தண்ணீரையே தள்ளும். மேல்பூச்சு போட்டு ஏமாற்றுபவன்கூட இதில் தப்புவது கடினம்.

விளிம்பையும் பாருங்கள். நாணயச் சாலையில் அச்சு அடித்த காசில் வரிகள் நெருக்கமாக, கூர்மையாக இருக்கும். மண் அச்சில் வார்த்த காசில் எழுத்து மழுங்கியிருக்கும், சின்னச் சின்னக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒட்டுப்போட்ட கோடு ஓடும். அதனால்தான் விற்பவன் விளிம்பைப் படம் எடுத்து அனுப்புவதே இல்லை. கேட்டுப் பாருங்கள்.

இனிதான் கடினமான பகுதி. வெள்ளி உண்மையாக இருந்து, ஆண்டு பொய்யாக இருந்தால்? 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் மிகவும் அரிது. அடுத்த ஆண்டு, 1940 முதல், ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே 1939க்கு விலை அதிகம். 1938 காசில் 8ஐச் சுரண்டி 9 ஆக்கிவிட்டால் எடையும் சரி, வெள்ளியும் சரி, தண்ணீர்ச் சோதனையும் சரி! பூதக்கண்ணாடியில்தான் பிடிபடும். அந்த ஒரு எண்ணைச் சுற்றி மட்டும் கீறலும் பளபளப்பும் இருக்கும்.

1911ஆம் ஆண்டு ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. ஜார்ஜ் மன்னர் அங்கியில் சின்ன யானை ஒன்று செதுக்கியிருந்தார்கள். தும்பிக்கை குட்டையாகப் போய்விட்டது. பார்த்தவர்களுக்கு அது பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டது. அரசாங்கம் காசைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912 காசில் யானையைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று ஒருவன் விற்கிறான், அதில் யானை நன்றாகத் தெரிகிறது, ஆண்டு மட்டும் 1911 என்றால், யாரோ எண்ணில் கை வைத்திருக்கிறார்கள். விக்டோரியா காசிலும் இப்படி ஒரு அடையாளம் உண்டு. 1876 வரை 'குயீன்' என்று இருக்கும். 1877 முதல் 'எம்ப்ரஸ்' என்று இருக்கும். எழுத்தும் ஆண்டும் ஒத்துப்போகிறதா என்று கூட்டிப் படியுங்கள்.

ராமர் சீதை, அனுமார் உருவத்துடன் '1818, கிழக்கிந்தியக் கம்பெனி' என்று போட்ட காசும் விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசே அடித்ததில்லை. அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் போகும் என்பதெல்லாம் புளுகு.

இன்னொரு தந்திரம் நேர்மாறானது. உங்களிடம் பாட்டி காலத்து ரூபாய் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "பல லட்சம் தருகிறோம், ரிசர்வ் வங்கிக்குப் பதிவுக் கட்டணம் முதலில் கட்டுங்கள்" என்பான். தான் பழைய காசு வாங்கி விற்பதில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. உங்களுக்குப் பணம் வருவதற்கு உங்கள் ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் போனை வையுங்கள்.

அந்தப் பாட்டி காசைப் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பழைய கருப்புப் போனால் சேகரிப்பவர்களிடம் விலையும் போய்விடும்.

பார்சல் வந்தால் பிரிக்கும்போதே வேறொருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியிலேயே தடுத்து நிறுத்த வழி உண்டு. காசு, உறை, அவன் அனுப்பிய செய்தி, பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். போலீஸ் முதலில் கேட்பது அவற்றைத்தான்.