வெள்ளையடிக்கும்போது வரும் தும்மல்

போகிக்கு முன்னாடி எல்லாருமே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். பழைய சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பிச்சதும் அடுக்குத் தும்மல். "சளிதானே" என்று விட்டுவிடுகிறோம். காய்ச்சல் இல்லாமல், மூக்கும் கண்ணும் அரித்து, தண்ணீராய் ஒழுகினால் அது பெரும்பாலும் தூசி ஒவ்வாமை.

சுவிட்ச் போர்டு பக்கம் தவிர்த்து, சுவரை நனைத்துவிட்டுச் சுரண்டினால் தூசி அவ்வளவாகப் பறக்காது. முந்தானையைச் சுற்றிக்கிட்டா போதாதுங்க, நுண்தூசி புகுந்துவிடும். மருந்துக்கடையில் என்95 முகக்கவசம் கிடைக்கிறது. தும்மல் அதிகமுள்ளவர் சுரண்டவே வேண்டாம், சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும். யார் என்ன முணுமுணுத்தாலும் சரி!

நமக்குப் பெரிய பயம் வேறொன்று. நம்மில் பலர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஏணி ஏறுகிறோம். செட்டிரிசின், சி.பி.எம். மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். போட்ட அன்று ஏணி கூடாது.

இழுப்பு வந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும். மூச்சுவிடவே திணறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.